சாட்ஸ்வொர்த்தில் ஸ்விட்ச் 2 விலைபோகுமா? டிசம்பருக்குச் சரக்கெடுப்பது குறித்து ஒரு கேள்வி

கடைக்காரன் (சாட்ஸ்வொர்த்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் கைபேசி பழுதுபார்ப்பும், சார்ஜர், கவர் போன்ற உதிரிப் பொருள்களும், பழைய வீடியோ கேம்களை வாங்கி விற்பதும் சேர்ந்த ஒரு சிறிய கடையை நடத்தி வருகிறேன். நிண்டெண்டோவின் வீடியோ கேம் கருவியான ஸ்விட்ச் 2 இவ்வாண்டு, 2025 ஜூன் 5 அன்று வெளிவந்ததிலிருந்து, கடைக்கு வரும் பிள்ளைகளும் அவர்களோடு வரும் பெற்றோர்களும் அதைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கையில் வைத்து ஆடவும், வீட்டுக்கு வந்ததும் டாக் என்னும் தாங்கியில் செருகித் தொலைக்காட்சியில் ஆடவும் ஒரே கருவி போதும் என்பதுதான் அவர்களை ஈர்க்கிறது. ஆனால் விலை விசாரிப்பவர் எல்லாரும் பணத்தை எண்ணி வைப்பதில்லை என்பது கடை நடத்தும் எவருக்கும் தெரிந்ததே.

இப்போது பிளாக் ஃப்ரைடே நெருங்கிவிட்டது. அதைத் தொடர்ந்து பள்ளிகள் மூடிவிடும். வேலை செய்பவர்களுக்கு ஆண்டிறுதி போனஸாகப் பதின்மூன்றாம் சம்பளம் வரும். ஸ்டோக்வெல் சீட்டுப் பணம் பிரிக்கப்படுவதும் அந்த மாதத்தில்தான். எங்களைப் போன்ற கடைகளுக்கு ஆண்டின் வியாபாரமே அந்தச் சில வாரங்களை நம்பித்தான் இருக்கிறது. கையிலுள்ள சேமிப்பின் பெரும்பகுதியைப் போட்டு ஸ்விட்ச் 2 சில பெட்டிகளை வாங்கி வைக்கலாமா என்று யோசிக்கிறேன். பத்தாயிரம் ரேண்டைத் தாண்டிய ஒரு பொருள் அலமாரியிலேயே உட்கார்ந்துவிட்டால், ஜனவரியில் வாடகை கொடுப்பதே சிரமமாகிவிடும். கேட்வே, பவிலியன் பேரங்காடிகளில் உள்ள பெரிய கடைகளோடு விலையில் போட்டி போடவும் என்னால் இயலாது.

இந்தக் கருவி உலக அளவில் நிலைக்குமா, அல்லது முதல் ஆண்டு ஆரவாரத்தோடு ஓய்ந்துவிடுமா? உலகில் நன்றாக விற்றாலும் நம் பகுதியில், பிளேஸ்டேஷனும் கைபேசியும் வேரூன்றிய இடத்தில், இதற்கு ஆள் இருக்கிறதா? இந்தத் துறையைக் கூர்ந்து கவனிப்பவர்களும், வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

எண்கணக்கு (மிட்ராண்ட்) எழுதுகிறார்:

வணக்கம் அண்ணா. நிண்டெண்டோ 2025 நவம்பர் 4 அன்று வெளியிட்ட அரையாண்டுக் கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது. செப்டம்பர் 30 வரையிலான நான்கு மாதத்துக்கும் குறைவான காலத்தில் ஸ்விட்ச் 2 10.36 மில்லியன் விற்றிருக்கிறது. முதல் நான்கு நாள்களில் மட்டும் 3.5 மில்லியனுக்கு மேல். 2026 மார்ச் வரையிலான நிதியாண்டுக்கு 15 மில்லியன் என்று வைத்திருந்த இலக்கை அவர்கள் 19 மில்லியனாக உயர்த்தியும் விட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சொல்கிறேன்: 2017 மார்ச் 3 அன்று வந்த முதல் ஸ்விட்ச், அந்த டிசம்பர் இறுதிவரை 14.86 மில்லியன் விற்றது. அதுவே அன்று பெரிய வெற்றி என்று பேசப்பட்டது. ஆகவே ஆரவாரத்தோடு ஓய்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு இப்போதைக்கு இடமில்லை.

இருந்தாலும், முதல் ஆண்டு எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆறேழு ஆண்டுகளைக் கணிப்பது ஆபத்தானது. இந்த நிறுவனத்தின் வரலாற்றில், வென்ற கருவிக்குப் பின்னால் அதே வழியில் வந்த கருவி குறைவாகவே விற்றிருக்கிறது. எண்பதுகளில் வந்த என்.இ.எஸ். 61.91 மில்லியன், அதற்கு அடுத்தது 49.10, அதற்கடுத்த நிண்டெண்டோ 64 32.93, கேம்கியூப் 21.74. படிப்படியான இறக்கம். கையடக்கக் கருவிகளில் டிஎஸ் 154.02 மில்லியன் விற்ற பிறகு வந்த 3டிஎஸ் 75.94 மில்லியனோடு நின்றது. வீட்டுக் கருவிகளில் வீ (Wii) 101.63 மில்லியன் விற்க, அதன் பின்வந்த வீ யூ 13.56 மில்லியனில் முடங்கியது. வீ யூவை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன்பே, அது புதிய கருவியா, பழைய வீயோடு சேர்க்கும் துணைப்பொருளா என்பதே பலருக்கு விளங்கவில்லை. அதன் கையடக்கத் திரையை வீட்டை விட்டு வெளியே கொண்டுசெல்லவும் முடியாது. விற்பனை மேலே ஏறியதெல்லாம் யோசனையே மாறியபோதுதான்: இரண்டு திரை கொண்ட டிஎஸ், கையை வீசி ஆடும் வீ, கையிலும் தொலைக்காட்சியிலும் ஆடும் ஸ்விட்ச். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால், ஸ்விட்ச் 2 புதிய யோசனையல்ல, பழைய யோசனையின் திருத்திய பதிப்பு. எனவே முந்தையதைவிடக் குறைவாகவே விற்க வேண்டும்.

ஆனால் நான் அந்த முடிவுக்கு வரமாட்டேன். முன்பு நிண்டெண்டோ வீட்டுக் கருவி ஒன்று, கையடக்கக் கருவி ஒன்று என இரண்டு குதிரைகளில் சவாரி செய்தது. அவர்களின் கேம் உருவாக்குநர்களும் இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். வீ யூவும் 3டிஎஸும் ஒரே காலத்தில் புதிய கேம்கள் போதாமல் பட்டினி கிடந்தது அதனால்தான். ஸ்விட்ச் வந்தபின் எல்லா உழைப்பும் ஒரே கருவிக்குப் போகிறது. 2025 செப்டம்பர் இறுதியில் முதல் ஸ்விட்சின் மொத்த விற்பனை 154.01 மில்லியன்; டிஎஸ்ஸின் வாழ்நாள் எண்ணிக்கைக்கு வெறும் பத்தாயிரம்தான் குறைவு. அந்த ஸ்விட்ச் வைத்திருப்பவர்களின் பழைய கேம்களில் மிகப் பெரும்பாலானவை புதியதிலும் ஓடுகின்றன. வீ யூவுக்கு நேர்ந்த குழப்பம் பெயரிலும் இல்லை: இரண்டு என்றால் இரண்டுதான்.

தங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய எண் வேறொன்று. அதே நான்கு மாதத்தில் ஸ்விட்ச் 2க்கென விற்ற கேம்கள் 20.62 மில்லியன். அதாவது கருவி ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு கேம்கள். அவற்றில் மாரியோ கார்ட் வேர்ல்டு மட்டும் 9.57 மில்லியன், அதிலும் பெரும்பகுதி பெட்டியோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. ஆக, வாங்கியவர் தனியாகப் பணம் கொடுத்து எடுத்தது சராசரியாக ஒரே ஒரு கேம்தான். கன்சோலில் கடைக்காரருக்குக் கிடைக்கும் இலாபம் மிக மெல்லியது. கேம்களிலும் உதிரிப் பொருள்களிலும்தான் சற்றே நிமிர முடியும் என்பது தாங்கள் அறிந்ததே. அந்தப் பக்கம் இன்னும் திறக்கவில்லை என்பதைத்தான் இந்த எண் காட்டுகிறது.

விலையைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் 2025இல் வெளிவந்தபோது ஸ்விட்ச் 2 வரி நீங்கலாக 449.99 டாலர். டாலருக்குச் சுமார் 17 ரேண்ட் என்று கொண்டு, நம் 15 விழுக்காட்டு மதிப்புக்கூட்டு வரியையும் சேர்த்தாலே ஒன்பதாயிரத்தை நெருங்குகிறது. கப்பல் கூலியும் இடைத்தரகும் அதற்கு மேல். இது குறையும் என்று காத்திருப்பவர்கள் பழைய அனுபவத்தை நினைத்துக் காத்திருக்கிறார்கள். 2011இல் 3டிஎஸ் 249.99 டாலருக்கு வந்து, சரியாக விற்காததால் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே 169.99 ஆனது. இன்றைய நிலை நேர் எதிர்: எட்டு ஆண்டு பழைய முதல் ஸ்விட்சின் விலையையே அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் 299.99 டாலரிலிருந்து 339.99 ஆக ஏற்றினார்கள். பிளேஸ்டேஷன் 5 விலையும் அதே மாதம் 50 டாலர் ஏறியது. எனவே தாங்கள் வாங்கி வைக்கும் பெட்டி ஓரிரு மாதம் விற்காமல் கிடந்தாலும் அதன் மதிப்பு சட்டென்று சரியாது. ரேண்ட் வலுத்தால் மட்டும் சற்று நட்டம் வரலாம். அலமாரியில் பணம் முடங்குவது தனிப் பிரச்சினை. அதற்கு நான் சமாதானம் சொல்ல முடியாது.

பீனிக்ஸ்வாசி எழுதுகிறார்:

அண்ணா, உலகக் கணக்கு உலகத்துக்கு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எந்தக் கருவியை வாங்குவது என்பதை அவர்களின் நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. அவர்கள் அனைவரும் பிளேஸ்டேஷனில் கால்பந்து ஆடுகிறார்கள். இவ்வாண்டின் இ.ஏ. கால்பந்து கேம் ஸ்விட்ச் 2க்கும் வந்திருக்கிறது. ஆனாலும் அதற்காகப் பிளேஸ்டேஷனை விட்டு யாரும் மாறப் போவதில்லை. கையடக்கமாக ஆட வேண்டுமென்றால் கைபேசி இருக்கிறது. அதில் இலவச ஆட்டங்களும் கொட்டிக் கிடக்கின்றன.

இன்னொன்று, இப்போது பல நிறுவனங்கள் கேம் கார்டு என்ற பெயரில் உள்ளே கேமே இல்லாத ஒரு சாவியைத்தான் விற்கின்றன. கார்டைச் செருகியபின் முழுக் கேமையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். ஃபைபர் உள்ள வீட்டுக்குக் கவலையில்லை. கைபேசி டேட்டாவை வாங்கி வாங்கி ஏற்றும் வீட்டில் 50 ஜிகாபைட்டை எப்படி இறக்குவது? கடையில் கேம் விற்பவருக்கு இது நல்ல செய்தியல்ல.

மெரிபேங்க் டீச்சர் எழுதுகிறார்:

பீனிக்ஸ் தம்பி சொல்வது பதினாறு, பதினேழு வயதுப் பையன்களுக்குப் பொருந்தும். பத்து வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நிலைமை வேறு. அந்த வீட்டில் வாங்குவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். பெற்றோர் வாங்குகிறார்கள், அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு.

எங்கள் வீட்டில் முதல் ஸ்விட்ச் வந்ததற்குக் காரணம் மின்வெட்டுதான். 2023இல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது, மாலையில் மின்சாரம் போனால் தொலைக்காட்சியும் வைஃபையும் ஒருசேர அணைந்துவிடும். பிளேஸ்டேஷன் வைத்திருந்த அண்டை வீட்டார் இன்வெர்ட்டருக்குத் தனியாகச் செலவு செய்தார்கள். மின்கலத்தில் ஓடும் கருவியோ எதையும் கேட்காமல் தொடர்ந்து ஓடியது. 2019இல் திருத்தி வெளியிட்ட ஸ்விட்ச் நாலரை மணி முதல் ஒன்பது மணி நேரம் வரை தாங்கும் என்று நிறுவனமே சொல்கிறது. 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு லோட் ஷெட்டிங் பெருமளவு நின்றுவிட்டது என்பது உண்மை. ஆகவே அன்று விற்றுக்கொடுத்த காரணம் இன்று கடைக்காரருக்கு உதவாது. தவிரவும், ஸ்விட்ச் 2இன் மின்கலம் இரண்டு மணி முதல் ஆறரை மணி வரைதான் என்று அறிவித்திருக்கிறார்கள். கனமான கேம் என்றால் இரண்டை ஒட்டியே நிற்கும். பெரிய 7.9 அங்குலத் திரைக்கும் வேகமான சில்லுக்கும் கொடுக்கும் விலை அது.

ஆனால் மின்வெட்டு போனபின்னும் அந்தக் கருவி எங்கள் வீட்டில் மூலைக்குப் போகவில்லை. வீட்டில் இருப்பது ஒரே தொலைக்காட்சி. மாலையில் அது என் மாமியாரின் தொடர்களுக்கு. அந்த நேரத்தில் பிள்ளைகள் கருவியைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை உறவினர் வந்தால் டாக்கில் வைத்து நாலு பேர் சேர்ந்து ஆடுவார்கள். ஜோஹன்னஸ்பர்க்குக்கு என்3 சாலையில் ஆறு மணி நேரப் பயணம் போகும்போது பின்னிருக்கையில் சண்டை இல்லை. கைபேசியிலும் ஆடலாமே என்று கேட்பவர்களுக்கு: கைபேசியைக் கொடுத்தால் பிள்ளை ஆட்டத்தில் மட்டும் நிற்பதில்லை, எங்கெல்லாமோ போய்விடுகிறது. ஸ்விட்சில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பதை என் கைபேசியிலிருந்தே கட்டிவைக்க முடிகிறது. எங்கள் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் கன்சோல் பேச்சு எழுந்தால், திரையின் தெளிவைப் பற்றி எவரும் கேட்பதில்லை. இந்த நேரக் கட்டுப்பாட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

இப்படியெல்லாம் சொல்லிவிட்டு, இவ்வாண்டு ஸ்விட்ச் 2 வாங்குவேனா என்றால் மாட்டேன். பழைய கேம்களை ஆடப் பழைய கருவியே போதும். புதிய மாரியோ கார்ட் ஒன்றுக்காகப் பத்தாயிரம் ரேண்டுக்கு மேல் கொடுக்க முடியாது, அந்த ஒரு கேமின் விலையே அமெரிக்காவில் 79.99 டாலர். ஜனவரியில் சீருடை, புத்தகம், பள்ளிக் கட்டணம் காத்திருக்கின்றன. ஆனால் என் இளைய மகனுக்குத் தனியாக ஒரு பழைய ஸ்விட்ச், நன்றாகச் சோதித்து, கட்டைவிரலால் இயக்கும் குச்சி தொடாமலே நகரும் பழுதைச் சரிசெய்து, ஒரு நம்பகமான கடையில் பாதி விலைக்குக் கிடைத்தால் நாளைக்கே வாங்குவேன். என்னைப் போன்ற பெற்றோர் பலர் இருக்கிறார்கள், ஐயா.

கடைக்காரன் மீண்டும் எழுதுகிறார்:

மிக்க நன்றி. டீச்சர் அம்மா சொன்னதைப் படித்தபின், புதியதை வாங்குபவர் தம் பழையதை என்னிடம் கொண்டுவருவாரே என்ற எண்ணம் எழுந்தது. அதைப் பற்றி மேலும் அறிய விரும்புகிறேன்.

இடையில் இரண்டு செய்திகள். ஒன்று, வெளிநாட்டிலிருந்து பெட்டிகளைத் தருவிக்கும் ஒருவர் ஜப்பானியப் பதிப்பை மிக மலிவாகத் தருகிறேன் என்கிறார். மற்றொன்று, வாடிக்கையாளர் சிலர் லேபையில் (தவணையாகக் கட்டி முடித்தபின் பொருளை எடுத்துக்கொள்ளும் முறையில்) தருவீர்களா, இப்போதே முதல் தவணை கட்டிவிடுகிறோம் என்று கேட்கிறார்கள். அவர்கள் கட்டும் பணத்தைக் கொண்டே சரக்கை வாங்கிவிட்டால் என் சேமிப்பைத் தொட வேண்டியதில்லை அல்லவா?

மாரிட்ஸ்பர்க் தாத்தா எழுதுகிறார்:

தம்பி, நான் இந்த விளையாட்டுக் கருவிகளைத் தொட்டதில்லை. ஆனால் மாரிட்ஸ்பர்க்கில் வானொலி, தொலைக்காட்சி, தையல் எந்திரம் என்று விற்று, லேபைப் புத்தகம் எழுதியே கடை நடத்தி ஓய்வு பெற்றவன். அதனால் உமது கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: வேண்டாம்.

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எண் 68, பிரிவு 62, லேபையைப் பற்றியது. பொருளைக் கையில் ஒப்படைக்கும்வரை வாடிக்கையாளர் கட்டும் பணம் அவருடையது, பொருளின் ஆபத்து உம்முடையது. கட்டி முடித்த நாளில் பொருளைக் கொடுக்க முடியாவிட்டால், அதற்கு இணையான அல்லது மேலான பொருளைக் கொடுக்க வேண்டும், அல்லது பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும். தவறு உம் பக்கம் என்றால் கட்டிய தொகையைப் போல் இரண்டு மடங்கு. சரக்கு வரவில்லை என்று கைவிரிப்பது சாக்காகாது. உரிய நேரத்தில் ஆர்டர் போடுவது கடைக்காரரின் அன்றாடக் கடமை என்பது சட்டத்தின் பார்வை. கையில் பெட்டி இருந்தால் லேபை எழுதும். இல்லாத பெட்டிக்கு ஒருவரிடம் பணம் வாங்கி, அதில் இன்னொருவருக்கான பெட்டியை வாங்கினால், டிசம்பர் 20 அன்று உம் கடை வாசலில் யார் நிற்பார்கள் என்று யோசித்துப் பாரும்.

ஜப்பானியப் பதிப்பைப் பற்றி என் பேரனிடம் கேட்டேன். 2025இல் 49,980 யென்னுக்கு வெளிவந்த அந்தப் பெட்டியில் மொழி ஜப்பானியம் மட்டுமே, மாற்றவே முடியாது. கணக்கும் ஜப்பான் நாட்டுக் கணக்காகத்தான் இருக்க வேண்டும். மலிவாக இருப்பதே அதனால்தான், யென் விழுந்திருக்கும் காலத்தில் வெளிநாட்டார் அள்ளிச் செல்லாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. கிளேர்வுட்டிலிருந்தோ டோங்காட்டிலிருந்தோ வரும் பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

வேறு நாட்டுப் பதிப்பு மொழிப் பூட்டு இல்லாமல் கிடைத்தாலும் ஒன்றைக் கவனியும். வணிகக்குறி உரிமையாளரின் அனுமதியில்லாமல் இறக்குமதியான பொருள் என்றால், அப்படித்தான் வந்தது என்று எல்லார் கண்ணிலும் படும்படி ஓர் அறிவிப்பைப் பொருளின் மேல் ஒட்ட வேண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 25 சொல்கிறது. அதை ஒட்டாமல் விற்பவர்களைத்தான் நான் ஊரெங்கும் பார்க்கிறேன். அந்தப் பெட்டி நான்காம் மாதம் பழுதானால், உள்ளூர் முகவர் கையில் எடுக்க மாட்டார். வாடிக்கையாளருக்கோ ஆறு மாதத்துக்குள் பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் இவற்றில் ஒன்றைக் கேட்கும் உரிமை உண்டு; அவர் கேட்கப் போவது உம்மிடம்தான்.

பழைய கருவியை விற்கும்போதும் இந்த ஆறு மாதப் பொறுப்பு போய்விடாது. கீறல், மின்கலத் தேய்வு, குச்சித் தொல்லை என்று இருக்கும் குறையையெல்லாம் ரசீதில் எழுதிக் காட்டி, வாங்குபவர் அதை ஏற்றுக் கையெழுத்திட்டால், எழுதிய அந்தக் குறைகளுக்கு மட்டும் நீர் பொறுப்பல்ல. வாயால் மட்டும் சொன்னால் பின்னால் நிரூபிப்பது கடினம்.

பீனிக்ஸ்வாசி எழுதுகிறார்:

தாத்தா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய ஸ்விட்ச் 2 யாராவது விற்கக் கொண்டுவந்தால், கடையின் வைஃபையில் இணைத்து, நிண்டெண்டோவின் இணையச் சேவைக்குள் போகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கேம்களை நகலெடுத்து ஓட்டும் ஒருவகைக் கார்டைப் பயன்படுத்திய கருவிகளை நிறுவனம் இணையச் சேவையிலிருந்து நீக்கிவிடுகிறது. தடை கருவிக்கே விழுவதால், கை மாறினாலும் அது தொடரும். வெளியிலிருந்து பார்த்தால் புதுப்பெட்டி போலவே இருக்கும்.

எண்கணக்கு (மிட்ராண்ட்) எழுதுகிறார்:

அண்ணா, டீச்சர் அம்மா எழுதியதுதான் இந்த உரையாடலில் வியாபாரத்துக்கு மிக நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் ஆண்டில் ஸ்விட்ச் 2 வாங்குபவர்கள் பெரும்பாலும் முன்பே நிண்டெண்டோவில் ஊறியவர்கள். அவர்கள் ஜூனிலேயே பெரிய கடைகளில் முன்பதிவு செய்து வாங்கிவிட்டார்கள். அடுத்து வர வேண்டியவர்கள் பிள்ளைக்காக வாங்கும் குடும்பங்கள். அவர்களுக்கு இன்றைய விலை எட்டாது. முதல் ஸ்விட்சிலும் இதுதான் நடந்தது: இரண்டரை ஆண்டு கழித்து, 2019 செப்டம்பரில், டாக்கில் செருக முடியாத ஸ்விட்ச் லைட் என்ற மலிவுப் பதிப்பு 199.99 டாலருக்கு வந்தபின்தான் குடும்பத்துக்கு ஒன்று என்பது பிள்ளைக்கு ஒன்று என்றானது. புதிய தலைமுறையில் அப்படியொரு மலிவுப் பதிப்பு எதையும் இன்னும் அறிவிக்கவில்லை. அதுவரை அந்த இடத்தை நிரப்பப் போவது பழைய ஸ்விட்ச்தான். உலகில் 154 மில்லியன் விற்ற கருவிக்கு உதிரிப் பாகம் தட்டுப்படாது. கைபேசி பழுதுபார்க்கும் கை தங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெரிய கடைகள் இந்த வேலைக்கு இறங்கி வரமாட்டா.

குச்சிப் பழுது பற்றிச் சொன்னார்கள். ஸ்விட்ச் 2இன் ஜாய்-கான் என்னும் கைப்பிடிக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் காந்த முறைக் குச்சி இல்லை என்பதை நிறுவனமே உறுதி செய்திருக்கிறது. உராய்ந்து தேயும் பழைய முறைதான். ஓரிரு ஆண்டில் அந்தப் பழுதுகளும் வரத் தொடங்கும் என்பது என் ஊகம். ஆனால் பிரிப்பது எளிதல்ல: மின்கலத்தைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் பழுதுபார்க்கும் எளிமைக்குப் பத்துக்கு மூன்றுதான் கொடுத்தது. முதலில் பழையதில் கை பழகிக்கொள்ளுங்கள்.

சரக்கைப் பொறுத்தவரை நான் தங்கள் இடத்தில் இருந்தால், ஸ்விட்ச் 2 பெட்டி ஒன்றிரண்டுக்கு மேல் எடுக்க மாட்டேன். அதுவும் உள்ளூர் உத்தரவாதம் உள்ளதை மட்டும். கண்ணாடிப் பேழையில் அது இருந்தால்தான் வாடிக்கையாளர் தம் பழையதைக் கொண்டுவந்து மீதியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமா என்று பேச்சைத் தொடங்குவார். அந்த மாற்றத்தில் தாங்கள் சம்பாதிப்பது புதிய பெட்டியில் அல்ல, கைக்கு வரும் பழையதில். பழைய கேம் கார்டுகளையும் விடாதீர்கள். அவை இரண்டு கருவிகளிலும் ஓடும். பீனிக்ஸ் தம்பி சொன்ன சாவிக் கார்டு கைமாற்றி விற்கக்கூடியதுதான், ஆனால் இறக்குமளவுக்கு இணையம் இல்லாதவருக்கு அதை விற்றால் மறுநாளே திரும்பி வரும். பெட்டியின் முன்புறத்தில் சாவிப் படம் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

கடைக்காரன் எழுதுகிறார்:

தாத்தாவுக்கு என் வணக்கம். லேபைக்கு இல்லை என்று இன்று மாலையே சொல்லிவிட்டேன். ஜப்பானியப் பெட்டிக்காரருக்கும் அதே பதில். பழைய ஸ்விட்ச் வாங்கப்படும் என்று கடை வாசலில் பலகை வைக்கப் போகிறேன். கடைசியாக ஒன்று மட்டும்: மெமரி கார்டு என்னிடம் நிறைய இருக்கிறது, கைபேசிக்காக வாங்கி வைத்தவை. ஸ்விட்ச் 2 வாங்குபவர்களுக்கு அவற்றைத் தள்ளிவிட முடியுமா?

எண்கணக்கு (மிட்ராண்ட்) எழுதுகிறார்:

முடியாது, அண்ணா. ஸ்விட்ச் 2இல் கேம்களைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புதிய வகைக் கார்டு மட்டுமே செல்லும். சாதாரணக் கார்டைச் செருகினால் பழைய படங்களையும் காணொளிகளையும் உள்ளே எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கருவிக்குள் 256 ஜிகாபைட் இருப்பதால் முதல் சில மாதங்களுக்கு எக்ஸ்பிரஸ் கார்டையும் பலர் கேட்க மாட்டார்கள், அதன் விலையும் அதிகம். ஆனால் முதல் ஸ்விட்சுக்குத் தங்களிடம் உள்ள கார்டே சரியான கார்டு. அதன் உள்ளே இருப்பது வெறும் 32 ஜிகாபைட். பழைய கருவி ஒவ்வொன்றோடும் ஒரு கார்டையும் சேர்த்தே விலை போடுங்கள்.